கௌரவத் தலைவரிடமிருந்து மன்னிப்பு வரவில்லை

கெய்னர் கிரீன்வுட் பொய் சொல்லமாட்டாள் என்று ஸ்டைன்லி பிரிட்ஜில் யாரும் எடுத்துச் சொன்னது கிடையாது. சொல்லவேண்டிய தேவையே வந்ததில்லை. ரொட்டிக்கடை மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்த இறைச்சி அடைத்த ரொட்டி நேற்று சுட்டது, வாங்காதே என்று முதலாளி காதுபடவே சொல்கிறவளைப் பற்றி அப்படியொரு பேச்சு எதற்கு? வாய் கொஞ்சம் நீளம்தான். கோபம் மூக்குநுனியில். யாராவது ஒரு சொல் தவறிச் சொல்லிவிட்டால் வருடக்கணக்கில் மறக்கமாட்டாள். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான். அதில் கூட்டலும் கிடையாது, கழித்தலும் கிடையாது. அறுபதைத் தாண்டியவள் அதுவரை சேர்த்துவைத்திருந்த சொத்து என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

கட்சியில் சேர்ந்ததும் டிரெவரைக் கட்டிக்கொண்டதும் ஒரே வருடம். இரண்டில் எது முந்தி என்று யாராவது கேட்டால், கட்சிதான், கல்யாணத்துக்கே துண்டறிக்கை கொடுத்துவிட்டுத்தான் வந்தாள் என்பார் டிரெவர். அவர் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். வீட்டில் அந்த வேலையை அவள் பார்த்துக்கொண்டாள்.

பல வருடங்களாக அவள்தான் கிளைச் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். நூலகத்து மாடியறையில் மாதம் ஒருமுறை நாற்காலிகளை விரித்துப்போட வேண்டும். தேநீருக்கு வெந்நீர் போட வேண்டும். சென்ற கூட்டத்தில் பேசியதை வாசிக்க வேண்டும். தேர்தல் வந்தால் மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வீடு கதவுத் துளையில் துண்டறிக்கையைத் திணித்து, உள்ளே இருக்கும் நாய் கவ்வுவதற்குள் விரலை இழுத்துக்கொள்ள வேண்டும். தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். சிலரை அவளுக்குப் பிடித்திருந்தது, சிலரைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். பிடிக்காதவருக்காகவும் கதவு தட்டினாள். வீட்டுச் சண்டையைத் தெருவில் வைத்துப் போடக்கூடாது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிக்காரியையே தெருவுக்கு இழுத்துவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆறு கரையேறி ஊருக்குள் வந்தது. சந்தைத் தெருவில் இடுப்புவரை தண்ணீர். முன்பும் வந்ததுதான்; அப்போதே ஆற்றோரம் சுவர் எழுப்புகிறோம் என்று அளந்து, ஆணி அடித்து, படம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்கள். ஆணி மட்டும் அங்கேயே நின்றது. இந்த முறை வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் கட்சித் தலைவரே வந்தார். அப்போது அவர்தான் நாட்டின் பிரதமர். காலில் புதிய ரப்பர் பூட்ஸ், பின்னால் ஒரு பட்டாளம். தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் கெய்னர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தாள், வாங்கிய அவர் கையை விடவில்லை.

"ஆத்தோரம் சுவர் வேணும். போன தடவையும் சொன்னாங்க, கட்டல. அதை மட்டும் மறந்துடாதீங்க."

மறக்கமாட்டேன் என்றார் அவர், கண்ணைப் பார்த்து. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைச் சன்னலோரம் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். தொலைக்காட்சிக்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றதால் படம் விழுந்தது, பேச்சு விழவில்லை. டிரெவர் வெளியே சேறு தள்ளிக்கொண்டிருந்தார். அவரோடு வந்தவர்கள் வாசலில், மற்றவர்கள் வரிசையில் பின்னால். ஆக, அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ஜனவரியில் பர்மிங்காமில் கட்சிக்காரர்கள் நிரம்பிய மண்டபத்தில் தலைவர் பேசினார். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் மடியில் வைத்துக்கொண்டு கெய்னரும் டிரெவரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அரசாங்கமே எல்லாவற்றையும் செய்துதர வேண்டும் என்று மக்கள் நினைப்பதில்லை என்று அவர் விளக்கிக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். ஸ்டைன்லி பிரிட்ஜில் தனக்குத் தேநீர் கொடுத்த ஒரு பெண்மணியை மறக்கவே முடியாது என்றார். அந்தப் பெண் தன் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குச் சுவர் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம், அந்தப் பணம் எங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்குப் போகட்டும் என்று சொன்னாராம். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பின்திரையில் கெய்னரின் கையும் அவர் கையும், ஆள் உயரத்துக்கு.

"நானா அப்படிச் சொன்னேன்?" என்று டிரெவரைக் கேட்டாள்.

"நீ சொல்லியிருக்கமாட்டே, கண்ணு."

"சொல்லியிருக்கமாட்டேன்னு இல்ல. சொல்லல."

மறுவாரமே அறிவிப்பு வந்துவிட்டது. உள்ளூர் மக்களின் உணர்வுகளை மதித்து ஸ்டைன்லி பிரிட்ஜ் வெள்ளத் தடுப்புச் சுவர் தள்ளிவைக்கப்படுகிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கேள்விப்பட்டிருப்போம். இந்த ஓநாய் ஆடே தன்னை நனையவிடச் சொன்னது என்று வேறு சாட்சி சொன்னது.

ஊர் முதலில் சிரித்தது. 'நாங்களே பார்த்துக்கறோம்' என்பது ஊரின் பேச்சாகிவிட்டது. பேருந்தில் ஏறினால் சீட்டு வேண்டுமா, நீயே பார்த்துக்கொள்கிறாயா என்றார் ஓட்டுநர். ரொட்டி வாங்க வந்தவர்கள் பையை நீட்டிவிட்டு, வேண்டாம் கெய்னர், நாங்களே சுட்டுக்கொள்கிறோம் என்று கையை இழுத்துக்கொண்டார்கள். அதையெல்லாம் அவள் தாங்கினாள். திருப்பிக் கொடுக்கவும் அவளுக்குத் தெரியும். தாங்க முடியாதது நஸ்ரீன் கியானி பேசியதுதான்.

சந்தைத் தெரு முனையில் நஸ்ரீனுக்குச் சலவைக்கடை. வெள்ளத்தில் இயந்திரங்கள் அத்தனையும் போயின. புதிதாகப் போட்டால் காப்பீடு வேண்டும். ஆற்றோரம் சுவர் இல்லாமல் காப்பீடு தரமாட்டேன் என்கிறார்கள். அவளுக்கும் கெய்னருக்கும் இருபது வருடப் பழக்கம். ரொட்டிக்கடை மூடும் நேரத்தில் வந்து, மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"உன்னை நான் குத்தம் சொல்லல, கெய்னர். அவ்வளவு பெரிய ஆளு கையப் புடிச்சா யாருக்கும் வாய் குழறும்."

"எனக்குக் குழறல."

"அப்ப பிரதமர் பொய் சொல்றாரா?"

"ஆமா."

நஸ்ரீன் மேசையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த 'சரி' என்னவென்று கெய்னருக்குத் தெரியாதா? சின்னக் குழந்தை கதை சொன்னால் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தச் 'சரி'. திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பாள். நம்பாமல் மன்னித்துவிட்டுப் போனாளே, அதுதான் நெஞ்சைக் குத்தியது.

அன்றைக்குத்தான் அவள் முடிவெடுத்தாள். தலைவர் பதவியில் இருக்கட்டும், போகட்டும், அது அவள் பிரச்சினை இல்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே அவர் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை விடுவதில்லை.

கட்சித் தலைமையகத்துக்கு எழுதினாள். உங்கள் கருத்தைப் பகிர்ந்துகொண்டமைக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே நன்றி மறுபடி வந்தது. கருத்தாமே! அவள் வாயிலிருந்து வந்த சொல் என்ன என்பது அவளுடைய கருத்தாம். அப்படியானால் அவள் பெயர் கெய்னர் என்பதும் கருத்துதான்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். தலைவர் எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னது உண்மையல்ல, அவர் அதைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். கிளையின் தலைவர் கீத் பாரக்ளஃப். ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர், நல்ல மனிதர். யாரையும் நோகவைக்கக்கூடாது என்று நினைத்தே எல்லோரையும் நோகவைக்கிற ரகம். மே மாத நகரசபைத் தேர்தலில் அவர்தான் வேட்பாளர். லீட்ஸிலிருக்கும் வட்டார அலுவலகத்திலிருந்து அவருக்கு உத்தரவு வந்திருந்தது. தேர்தல் முடியும்வரை தலைவரின் நடத்தையைப் பற்றிக் கிளைக் கூட்டங்களில் விவாதிக்கக் கூடாது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது.

விவாதிக்கக் கூடாது என்ற உத்தரவைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். பழைய தபால்காரர் ஒருவர், தலைவர்கள் எந்தக் காலத்தில் உண்மை பேசினார்கள், ஜெயிக்கிறாரா இல்லையா என்று பார், மற்றதை விட்டுத்தள்ளு என்றார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், இங்கே பேசக் கூடாதென்றால் எங்கே போய்ப் பேசுவது, எதிர்க்கட்சிக் கூட்டத்திலா என்று கேட்டாள். காலுறை மாற்றுகிற மாதிரி தலைவரை மாற்றிக்கொண்டே இருந்தால் நாடு சிரிக்காதா என்றார் இன்னொருவர். மாற்ற வேண்டாமப்பா, துவைத்தால் போதும் என்றது பின்வரிசை. கடைசியில் கீத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பிரிந்து நிற்கிற கட்சிக்கு எவனும் ஓட்டுப் போடமாட்டான், தீர்மானம் செல்லாது என்று முடித்தார்.

கெய்னருக்கு வந்ததே கோபம். "உனக்கு முதுகெலும்பு இருந்த காலத்துல இருந்து உன்னை எனக்குத் தெரியும், கீத்," என்றாள், அத்தனை பேர் முன்னால்.

அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் டிரெவர், அது அதிகம் கண்ணு என்று மட்டும் சொன்னார். அதிகம்தான் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறந்து சொல்லமாட்டாளே.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஊர்களில் எந்தக் கூட்டமானாலும், கட்சியோ தோட்டக்காரர் சங்கமோ, முதல் அலுவலுக்கு 'மன்னிப்புகள்' என்று பெயர். வேறொன்றுமில்லை. வர முடியாதவர்கள் மன்னிக்கவும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், செயலாளர் அந்தப் பெயர்களை வாசிப்பார், பதிவாகும். யாரும் காதுகொடுத்துக் கேட்கமாட்டார்கள். நாற்காலி இழுபடும், கோட்டு கழற்றப்படும், பிஸ்கட் தட்டு கைமாறும். வாசிப்பவருக்கே பாதி காதில் விழாது.

மார்ச் கூட்டத்தில் கெய்னர் எழுந்து வழக்கம்போல் வாசித்தாள். திருமதி குரௌதர், முழங்கால் வலி, மன்னிப்புக் கேட்டிருக்கிறார். தபால்காரர், பேத்தியின் பள்ளி நாடகம், மன்னிப்புக் கேட்டிருக்கிறார். வாசித்துக்கொண்டே வந்தவள் தலை நிமிர்ந்தாள். எண்பத்தேழு வயதுக் கிழவி தன் முழங்காலுக்கு மன்னிப்புக் கேட்கிறாள். எதிரே சுவரில் தலைவரின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. கட்சித் தலைவர் யாரோ அவர்தான் எல்லாக் கிளைகளுக்கும் கௌரவத் தலைவர், அதனால்தான் படம். திட்டம் எதுவும் போடவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"கௌரவத் தலைவர். வரல. அவர்கிட்டேயிருந்து மன்னிப்பு எதுவும் வரல."

பிஸ்கட் தட்டு பாதி வழியில் நின்றது. யார் என்று கேட்டார் கீத். கெய்னர் சுவரைக் காட்டினாள். அது சும்மா ஒரு அலங்காரப் பதவி என்றார் கீத். அலங்காரமோ என்னவோ, அவர் இந்தக் கிளையின் கௌரவத் தலைவர், இங்கே இல்லை, மன்னிப்பும் அனுப்பவில்லை, இருப்பதைத்தான் வாசித்தேன் என்றாள். மன்னிப்புகள் என்ற அலுவலில் விவாதம் கிடையாது. அது பரம்பரை வழக்கம். விவாதம் கிடையாது என்றால் மறுக்கவும் வழி கிடையாது. கீத் கொஞ்சநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த அலுவல் என்றார். பின்வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

ஊர் வார இதழில் கிளைக் கூட்டச் செய்திகளைச் சின்ன எழுத்தில் போடுவது வழக்கம், தேவாலயத்துக் கேக் விற்பனைக்கும் தொலைந்துபோன பூனைக்கும் நடுவில். அந்த வாரம் அங்கே ஒரு வரி: கௌரவத் தலைவரிடமிருந்து மன்னிப்பு வரவில்லை. பள்ளத்தாக்கு முழுவதும் படித்துவிட்டது. பக்கத்து ஊர்க் கிளையும் தன் கூட்டத்தில் அதையே வாசித்தது. அதற்கடுத்த ஊரும் வாசித்தது. அங்கெல்லாம் வெள்ளமும் வந்திருந்தது, சுவரும் வந்திருக்கவில்லை. அவர்களை யாரும் தூண்டவில்லை. கெய்னருக்கு அவர்களில் பாதிப்பேரைப் பிடிக்கவே பிடிக்காது.

லீட்ஸிலிருந்து ரூபர்ட் வந்தது அதற்குப் பிறகுதான். வட்டார அலுவலகத்தில் கட்சிக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்கிற இளைஞன். நல்ல கோட்டு, அதைவிட நல்ல பல். காலையில் கடைக்கு வந்து ஒரு பன் வாங்கினான், சாப்பிடவில்லை. கெய்னரைப் போன்றவர்கள்தான் கட்சியின் தூண் என்று ஆரம்பித்தான். இத்தனை வருடம் உழைத்தவர் நகரசபையில் இல்லாதது தனக்கே வருத்தம் என்றான். அடுத்த வருடம் ஒரு நல்ல வட்டம் காலியாகிறது, தோற்கவே முடியாத வட்டம். பிறகு, கட்சியின் பெயருக்குக் களங்கம் விளைவிப்பது பற்றி ஒரு விதி இருப்பதையும் நினைவுபடுத்தினான், ஏதோ மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற தொனியில். அவள் அடுப்பிலிருந்து வந்த ரொட்டிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நான் என்ன சொன்னேனோ அதை அவர் சொல்லட்டும். எனக்கு வட்டமும் வேணாம் சதுரமும் வேணாம்."

அது நடக்காது என்று அவனுக்குத் தெரியும். பேச்சை மாற்றினான். "கூட்டத்துல மன்னிப்புன்னு வாசிக்கிறது அந்த அர்த்தத்துல இல்லீங்க. வர முடியலைன்னு சொல்றது, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அவர் வரலையே."

"சரி, மன்னிப்பு வந்தா? வந்தா இந்த வரி போயிடுமா?"

"வந்தா வந்துச்சுன்னு வாசிப்பேன். அது என் வேலை."

ரூபர்ட்டின் முகம் தெளிந்தது. இவ்வளவு எளிதா என்று நினைத்திருப்பான் பாவம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் லீட்ஸுக்குப் போய் லண்டனுக்குத் தொலைபேசி செய்து கெட்டது.

ஏப்ரல் கூட்டத்துக்கு முன்தினம் தலைவரின் அலுவலகத்திலிருந்தே கிளைச் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைவர் ஸ்டைன்லி பிரிட்ஜ் கிளைக்குத் தம் மன்னிப்பைத் தெரிவித்துக்கொள்கிறார். ஒரே ஒரு வரி. பல்லாயிரம் கூட்டங்களுக்கு அனுப்புகிற அதே வரியை ஏதோ ஒரு கை பழக்கத்தில் தட்டி அனுப்பியிருக்கிறது. கீத்துக்கும் நகல் வந்திருந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அவர் முதன்முறையாக அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அப்பாடா, தீர்ந்தது என்றார்.

டிரெவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். "முடிஞ்சுதா அப்ப?" என்று கேட்டார். குரலில் ஏமாற்றம் இருந்தது.

கெய்னர் இன்னொரு தரம் படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஜனவரியிலிருந்து சிரிக்காத சிரிப்பு. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. வர முடியாததற்கு என்று அதில் இல்லை. எதற்கு என்றே இல்லை. கீழே நாலு சொல் சேர்த்து வாசித்தால் நன்றாகக் குத்தும் என்று டிரெவர் யோசனை சொன்னார். அவருக்கே அப்படி ஒரு யோசனை வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரு எழுத்து சேர்க்கமாட்டேன்," என்றாள். "அவர் என் வார்த்தையைத் திருப்பினார். அவர் வார்த்தையை நான் திருப்பமாட்டேன். இருக்கறபடி வாசிப்பேன்."

மறுநாள் மாடியறையில் நாற்காலி போதவில்லை. சும்மா எட்டிப்பார்க்க வந்தவர்களே பாதி. வார இதழ்க்காரர் கதவோரம் நின்றார். கெய்னர் எழுந்தாள். திருமதி குரௌதர், முழங்கால் இன்னும் சரியாகவில்லை, மன்னிப்புக் கேட்டிருக்கிறார். தபால்காரர் வந்திருக்கிறார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவசரமில்லாமல் அந்த வரியை வாசித்தாள். தலைவர் ஸ்டைன்லி பிரிட்ஜ் கிளைக்குத் தம் மன்னிப்பைத் தெரிவித்துக்கொள்கிறார். உட்கார்ந்துவிட்டாள். எதற்காம் என்று வார இதழ்க்காரர் கதவோரத்திலிருந்து கேட்டார். கேட்கக் கூடாது என்று கீத் சொல்வதற்குள், எதற்கென்று அதில் போடவில்லை என்றாள் கெய்னர். அது சத்தியமான உண்மை.

வெள்ளிக்கிழமை இதழின் முதல் பக்கத்தில், பூனைக்கு மேலே, கேக்குக்கு மேலே, கொட்டை எழுத்தில் வந்தது: ஸ்டைன்லி பிரிட்ஜிடம் தலைவர் மன்னிப்பு. சனிக்கிழமை அது லண்டன் பத்திரிகைகளில் இருந்தது. தலைவரின் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். இல்லை, மன்னிப்புக் கேட்கவில்லை என்று அறிக்கை விட்டால், வெள்ளத்தில் மூழ்கிய ஊரிடம் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு மன்னிப்புக் கேட்க மறுத்தவர் ஆகிவிடுவார். ஆம் என்றால், எதற்கு என்று கேட்பார்கள்.

கேட்டார்கள். ஞாயிறு காலைத் தொலைக்காட்சியில், சிரித்த முகத்தோடுதான் கேட்டார் பேட்டி எடுத்தவர். தலைவர் முதலில் அது கூட்டத்துக்கு வர முடியாததற்கு வழக்கமாக அனுப்புவது என்றார். அப்படியானால் அந்தப் பெண்மணியிடம் உங்களுக்கு மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லையா என்றார் பேட்டியாளர். அப்படி இல்லை, மனம் புண்பட்டிருந்தால் நிச்சயமாக வருந்துகிறேன் என்றார் தலைவர். அந்தப் பெண்மணி உங்களிடம் என்னதான் சொன்னார்? சுவரைப் பற்றிச் சொன்னார். வேண்டும் என்றாரா, வேண்டாம் என்றாரா? தலைவர் தண்ணீர் குடித்தார். ஒரு நீண்ட உரையாடலை மேடையில் சுருக்கும்போது என்று தொடங்கினார். பேட்டியாளர் விடவில்லை. கடைசியில் வந்தது.

"வேண்டும் என்கிற பொருளில்தான் சொன்னார்."

பொருளிலாம்! கெய்னர் சோபாவில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டாள். டிரெவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் அழுதாள். வருடக்கணக்கில் அவர் பார்த்திராத அழுகை. முதுகைத் தடவிக்கொடுத்தார். திங்கட்கிழமை கடை திறந்ததும் முதல் ஆளாக நஸ்ரீன் வந்து நின்றாள்.

"நீ சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்."

"ஆமா. நம்பியிருக்கணும்," என்றாள் கெய்னர். இல்லை பரவாயில்லை என்றெல்லாம் சொல்ல அவளுக்கு வராது. ஆனால் மேசையைச் சுற்றி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அப்படியே நின்றார்கள். வரிசை வாசல்வரை போய்விட்டது.

கட்சி சும்மா இருக்குமா? செவ்வாய்க்கிழமை கீத் அவள் வீட்டுக்கு வந்தார், கையில் வட்டார அலுவலகத்தின் உத்தரவோடு. கட்சியின் பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்காகக் கெய்னர் கிரீன்வுட் உறுப்பினர் நிலையிலிருந்து இடைநீக்கம். செயலாளர் பதவி உடனே போகிறது. கல்யாண வருடத்திலிருந்து அவள் அந்தக் கட்சிக்காரி. கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

கீத் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "வெளியே தொலைக்காட்சி வண்டி நிக்குது. மன்னிப்பை ஏத்துக்கிட்டேன், விஷயம் முடிஞ்சு போச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா, இதை வாபஸ் வாங்கிக்கறாங்களாம். அடுத்த வியாழன் ஓட்டு, கெய்னர். எனக்காகக் கேக்கறேன்னே வெச்சுக்கோ."

கீத் கெட்டவர் அல்ல. அவர் ஜெயித்தால் நகரசபையில் சுவருக்காகக் கையைத் தூக்குவார், பயந்துகொண்டேயாவது தூக்குவார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் நாற்காலி, வெந்நீர்ப் பாத்திரம், மாடியறை, அத்தனையும் திரும்பி வந்துவிடும். தலைவரோ வருந்துகிறேன் என்றாரே தவிர, தள்ளிவைத்த சுவரைக் கட்டுகிறேன் என்று ஒரு பேச்சுப் பேசவில்லை. முடிந்துபோச்சு என்று இவள் சொன்னால், முடிந்துபோகிறது சுவர்தான்.

"கீத். அன்னிக்கு உனக்கு முதுகெலும்பு இல்லைன்னு சொன்னேன். எல்லார் முன்னாலயும் சொன்னேன். அது தப்பு. என்னை மன்னிச்சிடு."

கீத் நிமிர்ந்து பார்த்தார்.

"சாயங்காலம் வந்து உனக்காகக் கதவு தட்டறேன். கட்சிக்காரியா வரல, ஊர்க்காரியா வர்றேன், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனா அந்த வார்த்தையைச் சொல்லமாட்டேன்."

கீத் அந்தத் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வாசற்படிக்கு வந்தபோது அவரும் பக்கத்தில் வந்து நின்றார். ஒலிவாங்கிகள் நீண்டன. நாட்டின் பிரதமரே வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டாரே, அவருடைய மன்னிப்பை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள்.

"மன்னிப்பு வந்து சேர்ந்துச்சு, பதிவு பண்ணியாச்சு," என்றாள் கெய்னர். "நான் அவர்கிட்ட கேட்டது சுவரு. அது இன்னும் வரல."